காமாக் கதிர் வெடிப்பும் சூப்பர்நோவாவும்

காமாக் கதிர் வெடிப்பு, வானின் ஏதோ ஒரு மூலையிலிருந்து திடீரெனப் பாய்ந்து, பெரும்பாலும் சில நொடிகளிலேயே ஓய்ந்துவிடும் கதிர்வீச்சு. ஏறத்தாழ நாளுக்கு ஒன்று பதிவாகிறது. சென்னைக்கு அருகே செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. பக்கத்து ஒரகடத்துத் தொழிற்சாலை விளக்குகளை எல்லாம் அணைத்தாலும் தெரியாது. காமாக் கதிர்களைக் காற்றுமண்டலமே உறிஞ்சிவிடுகிறது. அதனால், அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா ஏவிய வேலா செயற்கைக்கோள்கள் 1967 ஜூலை 2 அன்று ஒன்றைப் பதிவுசெய்யும் வரை, இப்படியொரு நிகழ்வு இருப்பதே யாருக்கும் தெரியாது. உலகுக்குச் செய்தி சொல்லப்பட்டது 1973-இல்.

சூப்பர்நோவாவோ பழங்காலம் முதலே மனிதர் கண்ணில் பட்டது. பெரும் விண்மீனின் நடுவே இரும்புக் கரு சேர்ந்துகொண்டே போகிறது. அதன் நிறை சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கை எட்டினால் தன் எடையைத் தானே தாங்க முடியாமல் நொடிக்குள் சரிகிறது. மேலடுக்குகள் வெடித்துச் சிதறுவதே சூப்பர்நோவா. இந்த வரம்புக்குப் பெயர் தந்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். வெள்ளைக் குறுமீன்களுக்காக 1930-இல் இங்கிலாந்து செல்லும் கப்பலில் அவர் போட்ட கணக்கு, இரும்புக் கருவின் விதியையும் சொல்லிவிடுகிறது.

இரண்டும் ஒரே சாவின் இரு முகங்கள் என்ற ஐயம் 1998 ஏப்ரல் 25 வெடிப்பால் வலுத்தது. அன்று காமாக் கதிர் வந்த திசையிலேயே ஒரு சூப்பர்நோவா தென்பட்டது. அதன் வாயு நொடிக்கு ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர் வேகத்தில் விரிந்தது. ஆனால் காமா வெடிப்பு மிகவும் மங்கலாக இருந்ததால், தற்செயலோ என்று பலர் தயங்கினார்கள். தயக்கத்தைத் தீர்த்தது 2003 மார்ச் 29 அன்று பதிவான ஒன்று. சுமார் 200 கோடி ஒளியாண்டுத் தொலைவில் நிகழ்ந்த பிரகாசமான வெடிப்பு அது. அதன் பின்னொளிர்வு மங்க மங்க, உள்ளிருந்து சூப்பர்நோவாவின் நிறமாலை தலைகாட்டியது. 1998-இல் கண்டதை அது மிகவும் ஒத்திருந்தது. புனே அருகிலுள்ள மாபெரும் மீட்டரலை ரேடியோ தொலைநோக்கியும் அதன் ரேடியோ அலைகளைப் பின்தொடர்ந்தது.

காரணத்தை ஸ்டான் வூஸ்லி 1993-லேயே முன்வைத்திருந்தார். ஹைட்ரஜன் போர்வையை இழந்து வேகமாகச் சுழலும் விண்மீனின் கரு கருந்துளையாகிறது. அதைச் சுற்றிச் சுழலும் பொருளிலிருந்து, அச்சின் இரு முனைகளிலும் ஒளிவேகத்தை நெருங்கும் தாரைகள் விண்மீனைத் துளைத்து வெளியேறுகின்றன. தாரை பூமியை நோக்கினால் மட்டுமே காமா வெடிப்பு தெரியும். சூப்பர்நோவாவின் ஒளியோ, கதிரியக்க நிக்கல் சிதைந்து தருவது. உச்சத்தை எட்ட ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ஹைட்ரஜன் இழப்பும் வேகமான சுழற்சியும் ஒரே விண்மீனில் கூடிவருவது அரிது. அதனால் நூறு சூப்பர்நோவாக்களில் ஒன்றுகூடத் தாரையை எழுப்புவதில்லை.

எல்லாக் காமா வெடிப்புகளும் இவ்வகையல்ல. இரண்டு நொடிக்கும் குறைந்தவை பெரும்பாலும் நியூட்ரான் விண்மீன்கள் மோதுவதால் வருபவை. 2017 ஆகஸ்ட் 17 அன்று ஈர்ப்பலைகளோடு சேர்ந்தே ஒன்று பிடிபட்டது.

இந்தியாவின் அஸ்ட்ரோசாட் 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. அதிலுள்ள காட்மியம் துத்தநாக டெல்லூரைடு கருவி அக்டோபர் 6 அன்று இயக்கப்பட்டது. அன்றைக்கே ஒரு காமா வெடிப்பைப் பிடித்தது, இன்றுவரை 600-க்கும் மேல் பிடித்துவிட்டது. பிரகாசமானவற்றில் கதிர்களின் முனைவாக்கத்தையும், அதாவது அலைகள் எந்தத் திசையில் அதிர்கின்றன என்பதையும், அது அளக்கிறது. தாரைக்குள் காந்தப்புலம் எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதற்கு அந்த அளவீடு ஒரு தடயம். பின்னொளிர்வைத் தேடும் வேலையை லடாக்கின் ஹான்லே தொலைநோக்கிகள் செய்கின்றன.