எடுத்த கல்லை வைத்துவிட்டு வந்தேன்

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



விடுமுறைக்கு அந்தமான் போகப்போவதாக நம் குடியிருப்பில் மூன்று நான்கு குடும்பங்கள் சொன்னீர்கள். போய்வந்த அனுபவத்தை ஐந்து நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர். 34 வருடம் வங்கி கவுன்ட்டரில் உட்கார்ந்தவன் நான், மேடை பழக்கமில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர்ட் பிளேரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வண்டூர் போய்விடலாம். மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்கு அங்கிருந்துதான் படகு. 1983-ல் அமைந்த பூங்கா இது. தீவுகள் பல இருந்தாலும் நாம் இறங்க முடிவது ஜாலி பாய், ரெட் ஸ்கின் இரண்டில்தான். அதிலும் ஒன்று திறந்திருந்தால் மற்றது மூடியிருக்கும். மழை மாதங்களில் ரெட் ஸ்கின், மற்ற மாதங்களில் ஜாலி பாய். ஆள் நடமாட்டம் இல்லாமல் பவளப்பாறைக்கு ஓய்வு வேண்டுமாம்.

ஜாலி பாயில் ஸ்நார்க்கலிங் செய்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட், முகக் கண்ணாடி, வாயில் ஒரு குழாய். மிதவையைப் பிடித்துக்கொண்டால் வழிகாட்டித் தம்பி இழுத்துப் போவார். தலையைத் தண்ணீரில் வைத்ததும் மூச்சு முட்டுவதுபோல் பயம். காலை ஊன்றப் பார்த்தேன். "சார், கால் வைக்காதீங்க, கீழே உயிர் இருக்கு!" என்று கத்தினார். நம்ம ஊர்த் தமிழ்!

நான் பாறை என்று நினைத்தது பாறையே இல்லை. மிகச் சிறிய உயிர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து கட்டிய வீடு. சில வகைப் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். நான் ஊன்றியிருந்தால், ஒரே மிதியில் பத்து வருடச் சேமிப்பு போயிருக்கும். போதாததற்குக் கடல் சூடானால் பவளம் வெளுத்துவிடுகிறது. 2010-ல் அந்தமானில் அப்படி நிறைய வெளுத்துப் போனது.

இவ்வளவும் கேட்டவன் கரையேறி என்ன செய்தேன் தெரியுமா? விரல் நீளத்தில் ஒரு வெள்ளைப் பவளத் துண்டு கிடந்தது. ஷோகேஸில் வைக்கலாமென்று பைக்குள் போட்டுக்கொண்டேன். அந்தத் தம்பி பார்த்துவிட்டார். "செத்ததுதானேப்பா" என்றேன். "இது பொடிஞ்சுதான் சார் நீங்க நிக்கிற மணலே ஆச்சு. ஆளுக்கு ஒண்ணு எடுத்தா?" என்றார்.

வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு ரூபாய் கணக்கில் உதைத்தால் இரவு எட்டு மணிவரை உட்கார்ந்து தேடியவன் நான். அன்று எங்கள் படகில் வந்தவர்களை மட்டும் பெருக்கிப் பார்த்தாலே போதும். பவளம் எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்றும் பிறகுதான் தெரிந்தது. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். ஷோகேஸில் அந்த இடம் இன்னும் காலிதான்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பிளாஸ்டிக் எதுவும் உள்ளே விடமாட்டார்கள். சாப்பாட்டை எவர்சில்வர் டப்பாவில் கட்டுங்கள். தீவில் கடை கிடையாது. இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தண்ணீரில் இறங்க வேண்டாம். கண்ணாடி அடித்தளப் படகிலிருந்தே பவளம் நன்றாகத் தெரியும்.

குழந்தைகளிடம் புறப்படுமுன்பே சொல்லிவிடுங்கள்: மிதிக்காதே, தொடாதே, எடுக்காதே. பெரியவர்களிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு நானே சாட்சி.