பச்சைப்பிள்ளையின் பாதுகாப்பு

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டு நடந்த பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இந்த மண்டபத்தில் பேரப்பிள்ளை கண்டவர்களும் இருக்கிறார்கள், இனித்தான் தாயாகப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே எல்லோருக்கும் பயன்படும் ஒரு விடயத்தை எடுத்துக்கொண்டேன்: பிறந்த குழந்தையின் நோய் எதிர்ப்புச் சக்தி.

“பச்சைப்பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை” என்று வீடுகளில் சொல்கிறோம். மருத்துவ உலகமும் நெடுங்காலம் ஏறக்குறைய அப்படித்தான் எண்ணியது. இன்றைய ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. குழந்தையின் வெண்குருதிக் கலங்கள் குறைபாடானவை அல்ல. அவை வேறொரு வேலைக்குப் பழகியவை.

அது என்ன வேலை? தாயோடு சண்டை பிடிக்காமல் கருப்பையில் வாழும் வேலை. தாயின் கலங்களில் சில சூல்வித்தகத்தைக் கடந்து சிசுவின் நிணநீர்க் கணுக்களில் தங்குகின்றன. அந்த அந்நியக் கலங்களைத் தாக்காமல் பொறுத்துக்கொள்ள, எதிர்ப்பை அடக்கி வைக்கும் ஒருவகை ரி கலங்கள் சிசுவில் ஏராளமாக உருவாகின்றன. இதை 2008இல் கலிபோர்னியா ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். பிறந்த பின்பும் இந்தப் பொறுமை தேவை. குடலில் நல்ல பற்றீரியாக்கள் குடியேறும்போது ஒவ்வொன்றோடும் போர் தொடுத்தால் பிள்ளை தாங்காது.

வேறு வித்தியாசங்களும் உண்டு. வளர்ந்தவரின் ரி கலங்களில் பெரும்பகுதி பழைய கிருமிகளை நினைவில் வைத்திருப்பவை. குழந்தையின் கலங்களோ ஏறக்குறைய எல்லாமே கிருமியைக் கண்டிராதவை. அவை விரைவாகப் பெருகும். ஆனால் நீண்டகால நினைவை அவ்வளவாக விட்டுச்செல்லா. கிருமியை விழுங்கும் கலங்களின் கையிருப்பும் சிறியது. கடும் தொற்றில் விரைவில் தீர்ந்துவிடும். இருந்தாலும் பிறந்தவுடன் போடும் பீ.சீ.ஜீ. ஊசிக்கு இதே கலங்கள் நன்றாக வேலை செய்து, மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்து பிள்ளையைக் காக்கின்றன.

இடைவெளியை நிரப்புவது தாய். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயின் பிறபொருளெதிரிகள் சூல்வித்தகம் வழியாகப் பிள்ளைக்குப் போகின்றன. கர்ப்பிணிக்கு ஏற்புவலித் தடுப்பூசி போடுவதும் இதற்காகவே. குறைமாதப் பிள்ளைக்கு இந்தச் சீதனம் குறைவு. பிறந்த பின் மஞ்சள் நிற முதற்பால் மேலும் ஒரு காவலைத் தருகிறது. அதைப் பிழிந்து ஊற்றிவிட்டுச் சீனித்தண்ணீரோ தேனோ தொட்டு வைக்காதீர்கள்.

ஆனால் தாய் தந்த பிறபொருளெதிரிகள் மாதங்கள் செல்லச் செல்லக் கரைந்துவிடும். இதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் சின்னமுத்து. இலங்கையில் அதற்கான தடுப்பூசி 1984இல் தொடங்கியது. அதைப் பிறந்த அன்றே போட்டால் பலன் குறைவு. தாயின் பிறபொருளெதிரிகள் ஊசியிலுள்ள வைரசை அழித்துவிடும், பிள்ளையின் கலங்களும் போதிய அளவு எதிர்வினை காட்டா. பிந்திப் போட்டாலோ பிள்ளை பாதுகாப்பின்றி நிற்கும்.

2011இல் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசியின் முதல் தடவை ஒரு வயதுக்கு என வைக்கப்பட்டது. 2013இல் பரவிய சின்னமுத்தில் ஒரு வயது நிரம்பாத பிள்ளைகள் பலர் பாதிக்கப்பட்டனர். எனவே 2015இல் அது 9 மாதத்துக்கு முன்னே கொண்டுவரப்பட்டது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கை சின்னமுத்தை ஒழித்துவிட்டதாக உறுதி செய்தது. 2023இல் நோய் மீண்டும் தலைகாட்டியது. 2024 ஜனவரியில், நமக்கு அயலான கண்டி, குருநாகல் உட்பட ஒன்பது மாவட்டங்களில் 6 முதல் 9 மாதப் பிள்ளைகளுக்கு மேலதிகமாக ஓர் ஊசி போடப்பட்டது.

இங்கே இரண்டு தலைமுறைகள் அமர்ந்திருக்கிறோம். மூத்த அக்காமார் பலருக்குச் சின்னமுத்தே வந்து போனது. எங்களுக்குப் பின் வந்தவர்களுக்கு ஊசி கிடைத்தது. நோய் வந்த தாயைவிட ஊசி போட்ட தாயின் பிறபொருளெதிரிகள் அளவில் குறைவு. பிள்ளையிடம் சற்று முன்னதாகவே தீர்ந்துவிடும். இதற்காக நோயே மேல் என்று நினைக்க வேண்டாம். அந்த நோய் எத்தனை வீடுகளில் பிள்ளையைப் பறித்தது என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். நமது பேரப்பிள்ளைகளுக்கு ஊசியைத் தள்ளிப்போட இடமில்லை என்பதே இதன் பொருள்.

ஆகவே சில வேண்டுகோள்கள். பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் தாய்ப்பால் கொடுங்கள். தடிமன், இருமலோடு பிள்ளை பார்க்கப் போகாதீர்கள். போனால் கைகழுவித் தூக்குங்கள், முகத்தில் முத்தமிடாதீர்கள். முதல் மாதத்தில் காய்ச்சல், உடல் குளிர்தல், பால் குடிக்க மறுத்தல், சோர்வு, வேகமாக மூச்சு விடுதல் எது தெரிந்தாலும் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். இந்த வயதில் காய்ச்சல் இல்லாமலும் கடும் தொற்று இருக்கலாம். வெளிநாட்டில் வாழும் சகோதரிகளே, பல நாடுகளில் இந்த ஊசியின் முதல் தடவை ஒரு வயதில்தான். கைக்குழந்தையோடு ஊருக்கு வருமுன் உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

ரத்தோட்டைத் தோட்ட லயத்தில் பிறந்தாலும் லண்டனில் பிறந்தாலும் பிள்ளையின் கலங்கள் ஒன்றுபோலவே உலகைக் கற்கத் தொடங்குகின்றன. அவை கற்று முடியும்வரை காவல் நிற்பது நம் பொறுப்பு.