கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள்

(நூற்றாண்டு விழாக் கண்காட்சியைத் திறந்துவைத்துப் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



பத்து நிமிடம் பேச வேண்டும் என்று சங்கச் செயலாளர் சொன்னார். பத்து நிமிடத்தில் ஓர் அட்டையைச் செய்து காட்டச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

ஆம், அட்டைதான். வாசலில் முதல் மேசையில் இருப்பது அதுதான். நம்மில் பலர் காலில் சவர்க்காரம் தடவிக்கொண்டு மழையில் பள்ளிக்கூடம் வந்தவர்கள். அட்டை எப்படி நடக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. வாயை ஊன்றும், உடம்பை வில்லாக வளைத்து வாலை இழுத்துக்கொள்ளும், பிறகு தலையைத் தூக்கி எவருடைய கால் வருகிறது என்று தேடும். அந்தத் தேடலைச் செய்யத்தான் எனக்கு நான்கு மாதம் பிடித்தது. உள்ளே இருப்பது ஒரே அச்சில் பூட்டிய, முட்டை வடிவான இரண்டு மரச்சில்லுகள். ஒன்று முதுகை உயர்த்தும், மற்றது தலையை உயர்த்தும். இரண்டும் ஒன்றாக எழும்பியபோது அட்டை தண்டால் எடுப்பதுபோல் இருந்தது. இரண்டாவது சில்லைக் கால் சுற்றுப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டினேன். உடனே என் மகள் காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டாள். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று கேட்கிறார்கள். ஸ்டோரில்தான். அப்பா அங்கே ரோலரில் வேலை செய்தார். சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் நான் வாசலிலேயே நின்றுவிடுவேன். கொழுந்து நிறைந்த அந்த வட்டப் பெட்டி மேசைமேல் வட்டம் போடும். ஆனால் தன்னைத்தானே சுற்றாது. நாம் கொழுந்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கசக்குவோமே, அதே அசைவு. சுற்றுகிற ஒன்று, சுற்றாத ஒன்றை எப்படி ஆட்டுகிறது? அந்தக் கேள்விக்கு விடை தேடியே என் யானை துதிக்கையை ஆட்டுகிறது, என் குரங்கு பேன் பார்க்கிறது. ரோதைமுனிக்குப் பூசை வைக்கும் மலையகத்தில் பிறந்தவளுக்குச் சில்லு வெறும் சில்லு அல்ல.

கொழும்பில் ஒரு காட்சிக்கூடத்தில் இவற்றைக் காட்டியபோது, “இது கலையா, விளையாட்டுச் சாமானா?” என்று கேட்டார்கள். பிறகு லண்டனில் விக்டோரியா அல்பர்ட் அருங்காட்சியகத்தில் திப்புவின் புலியைப் பார்த்தேன். 1790களில் மைசூரில் செய்தது. ஒரு வெள்ளைக்காரரைப் புலி கவ்விக்கொண்டிருக்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் அவர் கை அசையும், முனகுவார், புலி உறுமும். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தபின் அதைக் கொண்டுபோன கிழக்கிந்தியக் கம்பனியார் தங்கள் நூலகத்தில் வைத்தார்கள். வருகிறவர்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி, வாசிக்க வந்தவர்கள் சத்தம் தாங்காமல் முறையிட்டார்களாம்! இன்று அது கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. நாம் தொட முடியாது. எனக்கு அது பெரிய வருத்தம். சுற்றுகிற கை இல்லாவிட்டால் இப்படிப்பட்ட பொம்மை பாதிப் பொம்மைதான். அதனால்தான் இங்கே “தொடாதீர்கள்” என்ற அட்டையை எந்த மேசையிலும் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

கடைசி மேசையில் ஒரு சிறுத்தை இருக்கிறது. பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் செய்தது. வால் மட்டும் மோட்டார் சைக்கிள் கிளச் கம்பி. அந்தக் கம்பியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மாமா அதே கம்பியில் சுருக்குச் செய்து மரக்கறித் தோட்டத்து வேலியோரம் வைப்பார். காட்டுப்பன்றிக்குத்தான். பன்றி விழுந்த நாட்களில் எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் கறி மணத்தது, நானும் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் சுருக்குக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்கில் சிக்கியது உங்களுக்கு நினைவிருக்கும். உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாட்களில் இறந்துவிட்டது. அந்தச் செய்தியைப் பார்த்த இரவு மாமாவை நினைத்தேன். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு இரவில் பன்றி கிளறிவிட்டுப் போன கிழங்குப் பாத்தியை நான் பார்த்திருக்கிறேன்.

மற்ற மிருகங்கள் சிரிக்கவைக்கும். சிறுத்தையும் முதலில் சிரிக்கவைக்கும். கொட்டாவி விடும், தேயிலைச் செடிக்குப் பின்னால் ஒளிந்து எட்டிப் பார்க்கும். ஏழாவது சுற்றில் கைப்பிடி நின்றுவிடும். உள்ளே ஒரு முளை வந்து தடுக்கும். சிறுத்தையின் இடுப்பில் ஒரு கம்பி தெரியும். போன மாதம் ஹட்டனில் காட்டியபோது, உடைத்துவிட்டோம் என்று பயந்து பிள்ளைகள் கையை எடுத்துவிட்டார்கள். ஒரு சிறுமி மட்டும் பலமாக அழுத்தினாள். கம்பி இன்னும் இறுகியது. பிறகு அவளே, யாரும் சொல்லாமல், மறுபக்கம் சுற்றிப் பார்த்தாள்.

மறுபக்கம் சுற்றினால் என்ன நடக்கும் என்று நான் சொல்லப்போவதில்லை, அக்காமாரே. தேநீர் தயாராகிவிட்டது என்று பின்னாலிருந்து கை காட்டுகிறார்கள். குரங்கின் இடது கை கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, அதை மட்டும் மெதுவாகச் சுற்றுங்கள். வாருங்கள், மேசைகளுக்குப் போவோம்.