வீட்டில் தீ வராமற் காத்தல்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இசையும் நாடகமும் காண வந்திருக்கும் உங்கள் முன் தீயைப் பற்றிப் பேச நிற்கிறோம். மங்கலமான நாளில் இப்பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டிக் காலங்கழிக்கும் நமக்கு இலக்கியம் பேசும் தகுதி இல்லை. ஆயினும் கைக்கு வரும் தாள்களிலிருந்து கற்ற பாடம் ஒன்று உண்டு. அதனைச் சொல்லாதிருப்பது பிழை எனக் கருதியே இம்மேடையேறினோம்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் அதிகாலையில், மதுரை நிலையத்தருகே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்று தீப்பற்றி எரிந்தது. இலக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்கள் அதில் இருந்தனர். விதிக்கு மாறாக உள்ளே கொண்டுவரப்பட்டிருந்த கேஸ் சிலிண்டரே அத்தீக்குக் காரணமாயிற்று. 9 பேர் மாண்டனர். அபாயப் பொருள்களை இரயிலில் எடுத்துச் செல்வோர்க்கு மூன்றாண்டு வரை சிறை என்று 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டம் கூறுகிறது. சட்டம் இருந்தது, அதனை நினைத்துப் பார்க்கும் மனந்தான் இல்லாது போயிற்று.

மதுரை தொலைவில் உள்ளது என்று ஆறுதல் கொள்ளவேண்டா. நமது செம்பூரிலேயே, சித்தார்த்த காலனியில், 2024ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் விடியற்காலையில் நடந்ததை அறிவீர்கள். கீழே கடை, மேலே குடியிருப்பு. கீழ்த்தளத்து மின்கம்பிகளில் பற்றிய தீ மேலே ஏறியது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 7 பேர், குழந்தைகள் உள்பட, உயிரிழந்தனர். அதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன், 2023ஆம் ஆண்டு அதே அக்டோபர் 6ஆம் நாள், கோரேகாவ் மேற்கில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் பின்னிரவில் தீ மூண்டது. அங்கும் கீழே பற்றியது. புகை மேலே சென்றது. எழுவர்க்குக் குறையாமல் மாண்டனர்.

இவ்விரண்டு துயரங்களையும் சேர்த்து நோக்குங்கள். தீ கீழே, மக்கள் மேலே, வேளையோ உறக்க வேளை. தாராவியில் நம்மவர் பலர் வாழும் வீடுகளும் இவ்வமைப்பினவே அன்றோ? கீழே தையல், தோல், பலகாரம் என ஏதோ ஒரு தொழில். மேலே ஏணியேறிச் சென்றால் உறங்கும் இடம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் மாடிக் கட்டடங்களில் வாழ்வோர்க்கோ சன்னல்தோறும் இரும்புக் கம்பிக் கூடு. திருடன் உள்ளே வராமற் காக்கும் அக்கூடு, நாம் வெளியே போகாமலும் காத்துவிடும்.

இனி நமது குற்றத்தையும் ஒளிக்காமற் சொல்லிவிடுகிறோம். சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு பணி முடித்து வீடு திரும்பினோம். சமையலறையில் கேஸ் நாற்றம். அறை இருண்டிருந்தது. பழக்கத்தால் கை சுவிட்சை நாடியது. உறங்கிக் கொண்டிருந்ததாக நாம் எண்ணிய அன்னையார் எழுந்து வந்து, “லைட்டைப் போடாதல!” என்று கையைப் பற்றிக் கொண்டார்கள். பள்ளிக்கூடத்து வாசலையே மிதியாதவர்கள் அவர்கள். இருளிலேயே ரெகுலேட்டரை மூடிக் கதவையும் சன்னலையும் திறந்தோம். குழந்தைகளை வெளியே கொண்டு வந்தோம். காலையில் பார்த்தபோது அடுப்புக்குச் செல்லும் ரப்பர்க் குழாயில் வெடிப்பு இருந்தது. அதனை மாட்டி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஐந்தாண்டுகளுக்கொரு முறை மாற்றவேண்டிய குழாய் அது. அதன் விலை, குடும்பத்தோடு ஒரு முறை ஓட்டலுக்குச் செல்லும் செலவினும் குறைவு. பிறர்க்கு எச்சரிக்கைச் சுற்றறிக்கை எழுதும் கை, தன் வீட்டுக் குழாயைத் தொட்டுப் பார்க்கவில்லை. அன்றிரவு அன்னையார் விழித்திராவிட்டால் இன்று இங்கு நின்று பேச நாம் இல்லை.

சுவிட்சை ஏன் தொடக்கூடாது? போடும்போதும் அணைக்கும்போதும் அதனுள்ளே சிறு பொறி ஒன்று எழுகிறது. கசிந்த வாயு பற்றிக்கொள்ள அது போதும். சிலிண்டரில் உள்ள வாயு காற்றினும் கனமானது. தரையோடு படிந்து நிற்கும். ஆதலால் சன்னல் மட்டுமன்றிக் கதவையும் திறக்க வேண்டும். குழாய் வழியாக வரும் வாயுவோ இலேசானது. மேலெழுந்து கூரையடியில் தங்கும். இரண்டுக்கும் இயற்கையில் மணமில்லை. நாம் அறிந்துகொள்ளவே நாற்றம் கலக்கிறார்கள். கசிவு கண்டால் வெளியே வந்த பின்னர், சிலிண்டராயின் 1906 என்ற எண்ணை அழைக்கலாம்.

அடுத்தது மின்சாரம். ஒரு பிளக்கில் மூன்று கருவிகளைச் செருகுவதும், கம்பி சூடானபின்பும் ‘ஓடுகிறதே’ என்று விட்டுவிடுவதும் நம் வழக்கம். கம்பி தாங்கும் அளவுக்கு மேல் மின்சாரம் சென்றால் அது கொதிக்கும், மேலுறை உருகும், பின் பொறி பறக்கும். ப்யூஸ் போனால் தடித்த கம்பியைச் சுற்றி வைப்பது, காவலாளியைத் துரத்திவிட்டுத் திருடனை வீட்டில் அமர்த்துவதற்கு ஒப்பாகும். மின்சார வண்டியின் பாட்டரியை இரவெல்லாம் வாயிற்படியருகே சார்ஜ் செய்வதும் வேண்டா. பற்றினால் வெளியேறும் வழியே அடைபடும்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். நீர் நொடியில் ஆவியாகி எரியும் எண்ணெயை வீடெங்கும் வீசும். அடுப்பை அணைத்து, தட்டை எடுத்து மூடுங்கள். காற்றின்றித் தீ தானே அவியும். கார்த்திகை விளக்கைத் திரைச்சீலைக்கும் புடவைத் தலைப்புக்கும் எட்ட வையுங்கள். உடையில் தீப்பற்றினால் ஓடக்கூடாது. தரையில் படுத்துப் புரளவேண்டும். புண்ணுக்கு மையும் பற்பசையும் தடவாமல், இருபது நிமிடம் குளிர்ந்த நீரை ஊற்றி மருத்துவரிடம் செல்லவேண்டும். புகை சூழ்ந்தால் தவழ்ந்து செல்லுங்கள். தரையை ஒட்டியே நல்ல காற்று இருக்கும். தீ கண்டவுடன் 101 எண்ணை அழையுங்கள். வேறொருவர் அழைத்திருப்பார் என்று எவரும் இருந்துவிட வேண்டா.

நிறைவாக ஒரு வேண்டுகோள். 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், இந்நகரின் விக்டோரியாக் கப்பல் துறையில் ‘போர்ட் ஸ்டிகைன்’ என்ற கப்பல் வெடித்தது. பருத்திப் பொதிகளும் வெடிமருந்தும் அதில் ஒருங்கே ஏற்றப்பட்டிருந்தன. பருத்தியில் பற்றிய தீ வெடிமருந்தை எட்டியது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். தீயை அணைக்கச் சென்று திரும்பாத 60க்கும் மேற்பட்ட வீரர்களின் நினைவாகவே நாடெங்கும் அந்நாள் தீயணைப்புப் பணியாளர் நாளாகப் போற்றப்படுகிறது. நமது சித்திரைத் திருநாளும் பெரும்பாலும் அன்றே வருகிறது.

ஆகவே சித்திரை முதல் நாளில், மாவிலை கட்டிய கையோடு ஒவ்வொரு குடும்பத் தலைவரும் கேஸ் குழாயின் தேதியைப் பாருங்கள். வாயிற்படியிலும் மாடிப்படியிலும் அடைத்து வைத்த பழம் பொருள்களை அகற்றுங்கள். சன்னல் கூட்டில் திறக்கும் கதவொன்று அமைத்து, அதன் சாவி இருக்குமிடத்தைக் குழந்தைகளுக்கும் காட்டுங்கள். முதியோர் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு நமது சங்க இளைஞர்கள் சென்று உதவுவார்களாக. இவ்வாண்டு முதல் வீடாக நமது வீட்டுக்கே அவர்கள் வந்து சோதிக்கலாம். குழாய் புதிது, அன்னையார் கையால் காப்பியும் உண்டு.