வலி என்ற சொல்லை யார் கொடுத்தது?



தலைவலிக்காரரைக் கேளுங்கள், "மண்டையைப் பிளக்குது" என்பார். மூட்டுவலி என்றால் "குடையுது", வயிறு என்றால் "முறுக்குது". பிளப்பது கோடரியின் வேலை. குடைவது வண்டு. முறுக்குவது கயிறு திரிக்கிற கை. உள்ளே நடப்பதைச் சொல்ல நமக்கு வெளியிலிருந்துதான் சொல் கிடைத்திருக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1945-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் ஆராய்ந்தார். பிள்ளையின் வலி தாய்க்கு வலிக்காது. பிறகு எப்படி அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்தாள்? முட்டி சிராய்த்திருப்பதைப் பார்த்தாள், அழுகையைக் கேட்டாள், "வலிக்குதா கண்ணு?" என்றாள். சொல் ஒட்டிக்கொண்டது.

ஸ்கின்னர் மனிதனின் உள்ளத்தையே மறுத்தவர் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அது அநியாயம். அகத்தை ஒதுக்கிவைத்தது, 1913-இல் நடத்தையியலைத் தொடங்கிவைத்த உளவியலாளர் வாட்சன். ஸ்கின்னரோ, நினைப்பதும் நடத்தைதான், தோலுக்கு உள்ளே நடக்கிறது, அவ்வளவே என்றார். அதையே எல்லாவற்றுக்கும் மூலகாரணம் ஆக்கிவிடாதீர்கள் என்பதுதான் அவர் கட்சி.

"இவன் ஏன் படிப்பதில்லை?" "சோம்பேறி." "சோம்பேறி என்று எப்படித் தெரியும்?" "படிப்பதில்லையே!" செக்குமாடு சுற்றுகிற மாதிரி இல்லையா இது? இப்படிப்பட்ட காரணங்களை விளக்கம் போலத் தோன்றும் புனைவுகள் என்றார் அவர்.

அந்தச் செக்கில் நானும் சுற்றினேன். ஆறாம் வகுப்பில் எனக்கு 'ழ' வராது. எழுந்து வாசித்தால் வகுப்பே சிரிக்கும். முதலில் சத்தமாக வாசிப்பதை விட்டேன், பிறகு புத்தகத்தைத் திறப்பதையே விட்டேன். ரேங்க் கார்டில் 'படிப்பில் அக்கறை இல்லை' என்று எழுதி அனுப்பினார்கள். அப்பா கையெழுத்துப் போட்டார். சிரிப்பைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மொழியை ஸ்கின்னரின் வழியில், நடத்தையாக விளக்க முடியாது என்று 1959-இல் மொழியியலாளர் சாம்ஸ்கி கடுமையாக எதிர்த்தார். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. ஸ்கின்னரும் விடவில்லை. 1990 ஆகஸ்ட் 10 அன்று, ரத்தப் புற்றுநோயோடு, 86 வயதில், பாஸ்டனில் மேடையேறித் தன் கட்சியைப் பேசினார். எட்டு நாளில் மறைந்தார்.

இங்கே ஆசிரியர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். அடுத்த ரேங்க் கார்டு எழுதுவதற்கு முன்னால், அந்தப் பிள்ளை வாசித்துவிட்டு உட்காரும்போது பக்கத்து பெஞ்சில் என்ன நடக்கிறது என்று ஒரு நாள் பாருங்கள்.