கல்லுப்பட்டியில் ஒரு சகோதரர்

தேனி மாவட்டத்தில், பெரியகுளம் வட்டத்தைச் சேர்ந்த ஜி. கல்லுப்பட்டியில் 1974ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘ரீச்சிங் தி அன்ரீச்ட்’ என்ற தொண்டு நிறுவனம், பெற்றோரை இழந்த, கைவிடப்பட்ட பிள்ளைகளின் வாழ்வை ஒரு வீட்டிலிருந்தே மீட்டெடுக்க முயன்றது. இதை நிறுவிய ஜேம்ஸ் கிம்ப்டன் 1925இல் வேல்ஸில் பிறந்து, இலங்கையில் பணியாற்றியபின் 1964இல் தமிழகம் வந்தவர். அவர் தெ லசால் என்னும் கத்தோலிக்கத் துறவறச் சபையைச் சேர்ந்தவர். 1680ஆம் ஆண்டுவாக்கில் ஜான் பாப்டிஸ்ட் தெ லசால் பிரான்சு நாட்டில் ஏழைச் சிறுவர்களின் கல்விக்காகத் தொடங்கிய இச்சபையினர் குருப்பட்டம் பெறுவதில்லை. ‘சகோதரர்’ என்றே அழைக்கப்படும் இவர்கள், மாணவருக்கு மூத்த அண்ணனைப் போல் உடனிருந்து வழிகாட்டுவதையே இறைப்பணியாகக் கொள்கின்றனர்.

கல்லுப்பட்டியில் பெரும் விடுதிக்குப் பதிலாகச் சிறு வீடுகள் எழுந்தன. கணவனை இழந்த அல்லது கணவனால் கைவிடப்பட்ட பெண்கள் வளர்ப்புத்தாயராகப் பொறுப்பேற்க, ஒவ்வொரு வீட்டிலும் சில பிள்ளைகள் உடன்பிறந்தாரைப் போல் வளர்ந்தனர். புறக்கணிக்கப்பட்ட இரு சாராரையும் ஒரே கூரையின்கீழ் ஒருவருக்கொருவர் உறவாக்கிய இந்த ஏற்பாடே அப்பணியின் மிக ஆழமான பகுதி எனலாம். ஏனெனில் ஆன்மிகப் புத்துயிர், அதாவது தன் உயிருக்கு மதிப்புண்டு என்ற உணர்வு மனத்தில் மீண்டும் வேரூன்றுதல், அறிவுரையால் மட்டும் வருவதன்று. பெயர் சொல்லிச் சோறூட்ட ஒருவர் காத்திருக்கும்போதே அது தொடங்குகிறது. பள்ளிகளும் ஏழைகளுக்கான வீடுகளும் கிணறுகளும் இந்நிறுவனப் பணியின் பிற பகுதிகளாயின. கிம்ப்டன் 2017 அக்டோபரில், தமது 92ஆம் வயதில் காலமானார்.