சாட்டையைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள்

நான் தரமணிக்காரன். இளவயதில் விடியற்காலை நாலு மணிக்குச் சைக்கிளை மிதித்து, வேளச்சேரி வழியாகக் கிண்டி ரேஸ் கோர்ஸுக்குப் போய், காலைப் பயிற்சியில் குதிரை ஓட்டிய பையன்களில் ஒருவன். குதிரைப் பந்தயம் என்றதும் பேச்சு பணத்துக்குப் போய்விடும். அதில் அழிந்த குடும்பங்களை நானும் அறிவேன். இன்று பேச வந்தது குதிரை மேல் இருப்பவரை, அதாவது ஜாக்கியைப் பற்றி.

இப்போது பந்தயத்தைக் கைப்பேசியில் பத்து நொடித் துண்டுகளாகப் பார்க்கிறார்கள். அதில் தெரிவது கடைசி நூறு மீட்டரும் சாட்டை வீச்சும்தான். "என்னமா ஓட்டினான் பார்!" என்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. குதிரையை ஓட்டுவது கை ஐயா, கை! அந்தக் கை செய்த வேலை, சாட்டை எழும்புவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

பந்தயக் குதிரை ஏறக்குறைய 450 கிலோ. ஜாக்கி ஐம்பதைச் சுற்றி. பலத்தால் யார் ஜெயிப்பது? நான் சேர்ந்த புதிதில் ஒரு பெண்குதிரையை அடக்க எண்ணிக் கடிவாளத்தை இறுக்கி இழுத்தேன். அதுவும் எதிர்த்து இழுத்துக்கொண்டு பறந்தது. இறங்கியபோது இரண்டு கையும் மரத்துப் போயிருந்தன. லாயத்துப் பெரியவர் ஒருவர் வந்து, "கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடிடா. நீ இழுத்தா அதுவும் இழுக்கும்" என்றார். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

அதனால்தான் ஜாக்கி ரூபா சிங்கைப் பற்றிப் பேசாமல் என்னால் இருக்க முடியாது. நம் சென்னைப் பெண். தாத்தா பிரிட்டிஷ்காரர் காலத்தில் குதிரை பழக்கியவர், அப்பாவுக்கும் அதே தொழில், அண்ணனும் ஜாக்கி. ஆண்கள் மட்டுமே நின்ற தொழிலில் இறங்கி, எழுநூற்றுக்கும் மேற்பட்ட பந்தயங்களை வென்றார். ஏழு சாம்பியன்ஷிப் பட்டங்கள். போலந்துக்குப் போயும் வென்று வந்தார். எழுநூறு, நேயர்களே! "பெண்ணுக்கு ஏது அவ்வளவு பலம்?" என்று கேட்டவர்களுக்கு அந்த எண்ணே பதில். அது பலத்தின் வேலையாக இருந்தால் எழுநூறு வருமா? பெஸி ஷ்ராஃப், சூரஜ் நரேடு போன்ற பெரிய ஜாக்கிகளின் பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். எனக்கும் மதிப்பு உண்டு. ஆனாலும் என் மனசில் முதல் இடம் ரூபாவுக்குத்தான்.

கைக்கு அடுத்தது கால். அங்கவடியைக் குட்டையாக்கி, முட்டியை மடக்கி, குனிந்து நிற்கிற முறை 1890களில் பரவியது. இங்கிலாந்தில் அதைப் பிரபலமாக்கியவர் அமெரிக்க ஜாக்கி டாட் ஸ்லோன். அந்தக் காலகட்டத்தில் பந்தய நேரம் 5 முதல் 7 சதவீதம் குறைந்தது. ஏன் என்று 2009இல் 'சயன்ஸ்' இதழில் விளக்கினார்கள். ஒவ்வொரு பாய்ச்சலிலும் குதிரையின் முதுகு முன்னும் பின்னும் ஆடுகிறது. ஜாக்கி தன் காலை ஸ்பிரிங் போல வைத்துக்கொண்டு, உடம்பை மட்டும் சீராக நிறுத்துகிறார். குதிரை அவர் எடையைச் சுமக்கிறது. ஆனால் ஒவ்வொரு பாய்ச்சலிலும் அவரையும் சேர்த்து உலுக்க வேண்டிய வேலை அதற்கு மிச்சம். தொடை எரியும் வேலை இது. ஒரு நிமிஷம் வீட்டில் அப்படி நின்று பாருங்கள், தெரியும்.

இந்தப் பந்தயத்தில் திறமை இருக்கிறதா என்று கோர்ட்டே விசாரித்தது. தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் சட்டம் வந்தது. அதை எதிர்த்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், இது முதன்மையாகத் திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்புச் சொன்னது. ஜாக்கிகளின் தேர்ச்சியையும் கணக்கில் எடுத்தது. கிண்டி ரேஸ் கோர்ஸுக்கு 2024 செப்டம்பரில் அரசு சீல் வைத்தபோது, நிலத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அங்கே வேலை கற்ற கைகளைப் பற்றி யாராவது பேசினார்களா?

அடுத்த முறை எங்கேயாவது ஒரு பந்தயம் பார்க்க நேர்ந்தால், முழுசாகப் பாருங்கள். வளைவு திரும்பும்போது, முன்னால் வழி அடைத்திருக்கையில், குதிரை துடிக்க, ஒரு ஜாக்கி மட்டும் அவசரப்படாமல் இருப்பார். அவர் விரல்கள் எப்போது தளர்கின்றன என்று கவனியுங்கள்.